நிலாவின் பதினெட்டு

ஒசாகா,
தை மாதம்.

அன்புத் தம்பி இளையபெருமாளுக்கு,

நான் நலம். நீயும் அம்சவல்லியும் நலமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், கோபம் முந்திக்கொள்கிறது.

உன் மகள் நிலாவுக்குச் சித்திரையில் பதினெட்டு நிறைகிறது, வைகாசியில் கல்யாணம் என்று தொலைபேசியில் சொன்னாய். அவளைக் கேட்டாயா என்றேன். "அவ சின்னப் பொண்ணுக்கா, அவளுக்கு என்ன தெரியும்?" என்றாய். அடுத்த மூச்சிலேயே, "பதினெட்டு முடிஞ்சா மேஜர்தானே, சட்டப்படி தப்பில்லையே" என்றாய். கட்டிக்கொடுக்க மேஜர், கருத்துக் கேட்கச் சின்னப் பெண்ணா?

அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது, பெரியவளாகிவிட்டாள் என்று வலங்கைமான் கடைத்தெருவில் ஃபிளெக்ஸ் வைத்தவனும் நீதான். இங்கே ஜப்பானில் பெரியவராகும் வயது பதினெட்டு என்கிறது சட்டம். ஊரார் இருபதில்தான் அதற்கு விழா எடுக்கிறார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே, போன வாரம் பார்த்தேன். எந்த வயதும் மனிதர்கள் போட்டுக்கொண்ட கோடுதான். போட்ட கோட்டை உன் வசதிக்கு நகர்த்தாதே. பதினெட்டு நிறைந்தவள் சொல்லும் "மாட்டேன்" சட்டப்படி செல்லும். அதை அவளிடமே சொல்லிவிட்டேன்.

அம்சவல்லியிடம் சொல்லிக் கொஞ்சம் வெங்காய வடகம் அனுப்பு. இங்கே சோற்றுக்கும் துணையில்லை, பேச்சுக்கும் துணையில்லை. வகுப்பெடுக்க நேரமாகிறது.

வைகாசியில் வருகிறேன், நிலாவை அவள் கேட்ட வேளாண் கல்லூரியில் சேர்க்க.

உன் அக்கா,
கனகவல்லி