நடை விளக்கின் பரீட்சை

இலஞ்சி,
சனிக்கிழமை

அன்பு மகள் நிவேதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்காலையும் சேர்த்தே சொல்கிறேன். டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சாரல் பிடித்துவிட்டது, குற்றாலத்தில் தண்ணீர் அருமையாக விழுகிறதாம், நாங்கள்தான் இன்னும் போய்க் குளிக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே அவ்வளவு அமர்க்களம். இதற்குள் காளீஸ்வரி அத்தை உனக்குப் போன் செய்திருப்பாள். அவள் சொன்னதெல்லாம் உண்மைதான், ஆனால் முழுதும் அவளுக்குத் தெரியாது. மிச்சத்தை நான் போனில் சொல்ல வந்தால் அப்பா பிடுங்கித் தன் பக்கத்தை மட்டும் பேசிவிடுவார். இத்தனை வருஷம் பத்திரிகைக்குச் செய்தி எழுதிவிட்டு, என் வீட்டுச் செய்தியை ஒரு தரப்பாக வெளியே விட எனக்கு மனசில்லை.

நீ போட்ட நிபந்தனையிலிருந்து தொடங்குகிறேன். அப்பா இருட்டில் வீட்டு நடையில் தடுக்கி விழுந்த பிறகு நீ கண்டிப்பாகச் சொன்னாய், இந்தத் தோப்பு வீட்டில் நாங்கள் இருக்க வேண்டுமானால் நடை விளக்கைப் படுக்கையறை வாசலிலும் போட்டு அணைக்க முடிய வேண்டும், அந்தக் கோடியில் குளியலறை வாசலிலும் போட்டு அணைக்க முடிய வேண்டும், இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்காசியில் நீ பார்த்து வைத்திருக்கும் மாடி வீட்டுக்குப் போய்விட வேண்டும், அத்தை நேரில் வந்து பார்த்துச் சொல்வாள் என்று. அப்பா உன்னிடம் சரி என்றார். ஆனால் மனசு ஆறவில்லை. ஊரில் பாதி வீட்டுக்கு வயரிங் செய்த மனிதர், தன் வீட்டு விளக்குக்காகப் பரீட்சை எழுத வேண்டியதாகிவிட்டதே என்று இருந்திருக்கும்.

மின்கம்பம் எட்டாத இடம் என்பதால் இங்கே கரண்டு முழுவதும் கூரைமேல் சோலார் தகடும் பாட்டரியும்தான், பன்னிரண்டு வோல்ட், டிசி. சாமான் எல்லாம் கடையநல்லூரில் கிதிர் முகம்மது கடையில் வாங்கினோம். அவர் வளைகுடாவில் படகுகளுக்கு வயரிங் செய்துவிட்டு வந்தவர். சாதாரண ஸ்விட்சைத் தொடவே விடவில்லை. "அண்ணாச்சி, ஏசியில பொறி வந்த வேகத்துல அணைஞ்சிரும், டிசியில அது பிடிச்ச பிடியை விடாது, ஸ்விட்சைத் தின்னுரும்" என்று டிசிக்கென்றே உள்ள ஸ்விட்சுகளைக் கொடுத்தார். வோல்ட் குறைந்தால் ஒயர் தடியாக வேண்டுமாம், அதையும் கொடுத்தார். பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டிருக்கிறது, நீ பயப்படாதே.

தடி ஒயரைப் பார்த்ததும் அப்பாவுக்குச் சிக்கன புத்தி வந்துவிட்டது. இரண்டு வாசலிலும் பிளஸ், மைனஸ் இரண்டும் ஏற்கெனவே போகின்றன. முறைப்படி ஒரு ஸ்விட்சிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு ஒயர் இழுக்க வேண்டும். அப்பா இழுக்கவில்லை. இரண்டு ஸ்விட்சுக்கும் பிளஸ், மைனஸ் இரண்டையுமே கொடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் விளக்குக்கு ஒரே ஒயர் கொண்டுபோனார். ஒரு ஸ்விட்ச் பிளஸும் மற்றது மைனஸும் தந்தால் எரியும், இரண்டும் ஒன்றையே தந்தால் அணையும். "மாடிப்படி விளக்குக்கு எத்தனை வீட்டுல இப்படிப் போட்டுருக்கேன், ஒருத்தன் குறை சொன்னதில்ல" என்றார். போட்டார், எரிந்தது. அணைத்தார், அணைந்தது. நான் கைகூடத் தட்டினேன். பிறகு அவர் மறுபடி போட, குளியலறைப் பக்கம் போய் நான் அணைத்தேன். அப்பா தன் பக்கம் தட்டினார். எரியவில்லை. "ஏட்டி, என்னத்தப் பண்ணித் தொலைச்ச?" என்று அங்கிருந்து சத்தம். நான் என்ன செய்தேன், அணைத்தேன். பல்பை மாற்றினார், ஸ்விட்சைக் கழற்றி மாட்டினார். சில சமயம் எரிந்தது, பல சமயம் எரியவில்லை. "ஒன் கை பட்டாலே வெளக்கு கோவிச்சுக்கிடுது" என்றார். "வெளக்குக்கும் உங்க குணத்தைக் கத்துக்குடுத்துட்டியளாக்கும்" என்றேன்.

இதெல்லாம் நேற்று, வெள்ளிக்கிழமை காலை. மாலையில் அத்தை வருகிறாள். நான் அவரை ஒரு கோடியில் நிறுத்தி, இந்தக் கோடியில் நான் நின்றுகொண்டு, ஒவ்வொரு தட்டலுக்கும் யார், எது என்று கத்தச் சொன்னேன். அவர் "போட்டாச்சு" என்பார், நான் "அணைச்சாச்சு" என்பேன். தோப்பில் தேங்காய் பொறுக்க வந்த குருவம்மாள் சண்டை என்று நினைத்து விலக்கிவிட ஓடி வந்தாள், பாவம். கடைசியில் பிடிபட்டது: அணைத்த கைக்கு மட்டுமே விளக்கு திரும்ப எரிகிறது! அவர் அணைத்தால் அவர்தான் போட வேண்டும், நான் அணைத்தால் நான்தான். சொன்னதும் அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். ஏசியில் எந்தப் பக்கமிருந்து கரண்டு வந்தாலும் பல்பு எரியும். டிசியில் எல்இடி பல்புக்கு பிளஸ் பிளஸில்தான் வர வேண்டும். ஒருவர் அணைத்து இன்னொருவர் போட்டால் இரண்டும் இடம் மாறி வருகிறது, பல்பு கண்ணைத் திறப்பதில்லை. இத்தனை வருஷம் பலித்த சிக்கனம் இங்கே செல்லவில்லை.

சிரித்து முடித்ததும் முகம் விழுந்துவிட்டது. இனி இரண்டு ஒயர் இழுக்கலாம் என்றால் கையில் ஒயர் இல்லை, கிதிர் முகம்மது ஜும்மாவுக்குக் கடையைப் பூட்டிவிட்டு அப்படியே ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். "மாடி வீட்டுல எத்தனை படி இருக்கும்?" என்று மட்டும் அப்பா கேட்டார். பிறகு எழுந்தார், சமையலறைக்கு வாங்கி வைத்திருந்த மஞ்சள் பல்பை எடுத்தார், அதே இரண்டு ஒயரில், ஏற்கெனவே இருந்த வெள்ளை பல்புக்குப் பக்கத்திலேயே, பிளஸ் மைனஸைத் தலைகீழாக மாற்றிக் கொடுத்தார். இப்படி வந்தால் வெள்ளை, அப்படி வந்தால் மஞ்சள். எந்தக் கோடியில் தட்டினாலும் ஏதாவது ஒன்று எரிந்தே தீர வேண்டும்! நாங்கள் தட்டித் தட்டிப் பார்த்தோம், நிறுத்த மனசே வரவில்லை.

அத்தை வந்தாள், செருப்பைக் கழற்றியதும் நேரே நடைக்குப் போனாள். இந்தக் கோடியில் போட்டாள், வெள்ளை. அந்தக் கோடியில் அணைத்தாள். திரும்பி வந்து போட்டாள், மஞ்சள். "மைனி, இது என்ன கூத்து?" என்றாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்பா முகத்தை அசைக்காமல், "ஒரே நிறம் சலிச்சுப் போகும்லா" என்றார். காப்பி ஆறும்வரை அவள் இரண்டு கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். போகும்போது, "அண்ணே, எங்க வீட்டுக்கும் இந்த மாதிரி ஒண்ணு மாட்டித் தா" என்றாள். அங்கே ஏசி கரண்டு, இந்தக் கூத்து நடக்காது. அதை எப்படிச் சொல்வது என்று அப்பா யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இன்று காலையிலிருந்து எந்த நிறம் வரும் என்று எங்களுக்குள் பந்தயம், தோற்றவர் காப்பி போட வேண்டும். நானே போட்டுக்கொண்டிருந்தேன். இப்போதுதான் கண்டுபிடித்தேன், அவர் பக்கத்து ஸ்விட்ச் மேலே போனால் வெள்ளை, கீழே வந்தால் மஞ்சள், பார்த்து வைத்துக்கொண்டு ஏய்க்கிறார். கடை திறந்ததும் ஒயர் வாங்கி முறைப்படி இழுத்துவிடுகிறேன் என்கிறார். நீ சொன்னால் இழுக்கட்டும். ஆனால் மகளே, இரண்டு கோடியிலும் போட்டு அணைக்க வேண்டும் என்றுதான் நீ சொன்னாய், நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல், நினைத்தது நடந்து, நிறைவாக வாழ இலஞ்சிக் குமாரர் துணை இருக்கட்டும். குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. அந்த மாடி வீட்டுக்காரர் பாவம் காத்துக்கொண்டிருப்பார், வேறு ஆளுக்கு விடச் சொல்லி இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவிடு. நாங்கள் அருவிக்குக் கிளம்புகிறோம், அப்பா துண்டோடு வாசலில் நிற்கிறார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
குழல்வாய்மொழி ஆறுமுகநயினார்