சாமி படத்துக்குக் கீழே போன் நம்பர்

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை இரவு.

பக்கத்துத் தெருவில் புதிதாகப் பிரஸ் தொடங்கியவரின் ஆப்செட் மெஷின் இன்று காலையில் நின்றுவிட்டது. இது காலண்டர் சீசன். மெஷின் ரிப்பேர் பார்க்கிற நான் கூப்பிடு தூரத்தில் இருக்கிறேன். அந்த மனிதர் மதுரையிலிருந்து ஆள் வரவழைத்திருக்கிறார்.

சாயங்காலம் டீக்கடையில் அவரைப் பார்த்ததும், என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டே விட்டேன்.

"உங்க வெப்சைட்டத்தான் மொதல்ல தொறந்தேன். போன் பூராவும் அம்மன்தான் இருக்கு. நம்பர எங்கன ஒளிச்சு வச்சிருக்கீக?" என்றார்.

அந்த வெப்சைட்டைச் செய்தவன் என் தம்பி. காலண்டர் டிசைன் செய்வதுதான் அவன் தொழில். வீட்டுக்கு வந்ததும் அவனைப் பிடித்தேன்.

"காலண்டர்ல சாமி மேல, கடை பேரும் நம்பரும் கீழதானண்ணே போடுவோம். தள்ளிக்கிட்டே போனா வரும்ல" என்கிறான்.

வரும். விரல் தேயத் தேயத் தள்ளினால் வரும். காலண்டர் வருஷம் முழுக்கச் சுவரில் தொங்கும், நம்பரை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். மெஷின் நின்று, லோடு ஏற்ற வந்த வண்டியும் வாசலில் காத்துக் கிடக்கும்போது எவனுக்கு நிதானம் இருக்கும்?

"நம்பர மேல ஏத்துலே" என்றேன்.

"சாமி தலைக்கு மேல எழுத்து வரக் கூடாதுண்ணே" என்றான்.

அப்படியென்றால் சாமியையே எடுத்துவிடு என்று கத்திவிட்டேன்.

தோசை சுட்டுக்கொண்டிருந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். தம்பி அதற்கு முன்பே சாப்பிட்டு முடித்திருந்தான்.

எனக்குப் பசிக்கிறது. நம்பர் இன்னும் கீழேதான் இருக்கிறது.