உன் முதலெழுத்து திரும்பி வந்த செய்தி

என் அருமை மச்சான் தம்பிராசாவுக்கு,

இந்தக் கடிதத்தையும் நீ சிவப்புப் பேனையோடுதான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். பிழை பிடிப்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதலில் செய்தியைக் கேள். நாங்கள் வென்றுவிட்டோம்.

நீ கண்ணை மூடி ஒன்பது மாதம். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் கொமினிகேஷன் கடை அப்படியே இருக்கிறது. மூலைக் கொம்பியூட்டருக்கு முன்னால் நீ இருந்த கதிரையில் இப்போது யார் யாரோ இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இணையச் செய்தியை அச்செடுத்து, அதில் சிவப்பு மையால் கோடு போட்டு, ஆசிரியருக்குத் தபாலில் அனுப்புவாரா? உன்னைப் போல ஒருவன் போதும் என்று கடவுளே நினைத்திருப்பார்.

தலைப்பில் மூன்று பேர் காயம், உள்ளே ஐந்து பேர். மேலே அமைச்சர் பாலம் திறக்கிறார், கீழே அதே அமைச்சர் பாடசாலை திறக்கிறார். "இன்று" என்று இருக்கும், திகதி இருக்காது. காணிக் கந்தோரில் முப்பது வருஷம் உறுதிப் பத்திரங்களை ஒப்பு நோக்கியவனுக்கு இதெல்லாம் பொறுக்குமா? "ஆர், ஆரின்ரை பிள்ளை, எந்த ஊர், ஆர் சொன்னது?" என்று ஓரத்தில் எழுதி எழுதியே பேனைகளை முடித்தாய். நான் சிரித்தேன். கலவர நேரம் ஊரடங்கு தளர்ந்துவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி வெளியே போய், மண்டை உடைந்து வந்தவன் நீ. எந்த ஊரில் தளர்ந்தது என்று அந்த மனிதர் சொல்லவில்லை. அதை நினைத்திருந்தால் நான் அவ்வளவு சிரித்திருக்க மாட்டேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். சென்ற தவணை விடுமுறைக்கு, கம்பளையில் படிப்பிக்கிற உன் மகள் மாலினி அம்பிட்டியவுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த நாட்களில் நீ வழக்கமாகத் திட்டும் அதே இணையத்தளம் ஒரு செய்தி போட்டது: கம்பளையில் ஆசிரியை மாலினி கைது. அவ்வளவுதான். முதலெழுத்து இல்லை, வயது இல்லை, பாடசாலை இல்லை, யார் சொன்னது என்றும் இல்லை. பிடிபட்டது வேறொரு மாலினி. கம்பளையில் தனியார் வகுப்பு நடத்துகிற பிள்ளை.

எங்கள் மாலினிக்கு இது ஒன்றும் தெரியாது. விடுமுறை முடிந்து பாடசாலைக்குப் போனாள். அதிபர் அவளைத் தனியே கூப்பிட்டு, மெதுவான குரலில் கேட்டாராம்: "எப்பம்மா விட்டாங்க?"

இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல, ஏதோ இருக்கிறது என்றே எல்லாரும் நினைத்தார்கள். நிலைமை தெளியும் வரை வர வேண்டாம் என்றார் அதிபர். அறை வாடகைக்குக் கொடுத்தவர் வேறு இடம் பார்க்கச் சொன்னார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், யுத்தம் நடக்கிற இன்றைக்கு யார் வீட்டில் பயம் இல்லை? பிள்ளை பெட்டியோடு திரும்பி வந்தாள். தளத்துக்குப் போன் எடுத்தேன். "செய்தி சரிதானே ஐயா, கம்பளையில ஒரு மாலினியைப் பிடிச்சவங்கள்தானே" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

மச்சான், இனிச் சொல்லப்போவதை நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். தபாலில் போடச் சொல்லி நீ தந்த கடிதங்களில் கடைசிப் பதினொன்றை நான் போடவில்லை. தமிழ்ச் செய்தித் தளத்துக்குக் கண்டியிலிருந்து கிழமைக்கு ஒரு கடிதம் போனால் யார் பிரித்துப் பார்ப்பார்களோ, கடைக்கு யார் வருவார்களோ என்று பயந்தேன். மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, போட்டாச்சு என்று உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

அன்றைக்கு லாச்சியைத் திறந்து ஒவ்வொன்றாய் வாசித்தேன். எட்டாவது கடிதத்தில் நீ எழுதியிருந்தாய்: கைதானவரின் பெயரைத் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஊர் விபரமும் இல்லாமல் போடாதீர்கள், எங்கள் சனத்தில் ஒரே பெயரில் பலர் உண்டு, ஒருத்தியின் பாரம் இன்னொருத்தியின் தலையில் விழும். அதை நான் போட்டிருந்தால்? வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அந்தச் செய்தியை அச்செடுத்தேன். உன் பேனையாலேயே கோடு போட்டு, ஓரத்தில் உன் கேள்விகளை எழுதி, பதினொரு கடிதங்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறினேன். வழிச் சோதனையில் ஒரு சிப்பாய் பையைத் திறந்து அச்செடுத்த தாளை வெளியே எடுத்தான். அவன் சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு, பிள்ளை பெயிலா என்று சிங்களத்தில் கேட்டான். ஓம், படு பெயில் என்றேன். சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தான்.

தளத்தின் ஆசிரியர் ஒரு நடுத்தர வயதுப் பெண். வாசலிலேயே சண்டை தொடங்கத் தயாராகப் போன என் கையிலிருந்த சிவப்பு மையைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். "கண்டிக் கடிதம் ஏன் நிண்டு போச்சு? நாங்கள் பாத்துக்கொண்டெல்லோ இருந்தனாங்கள்" என்றார். நீ இல்லை என்று சொன்னேன். பதினொன்றையும் என் முன்னாலேயே வாசித்தார். எட்டாவதை இரண்டு தரம் வாசித்தார்.

அன்று மாலையே திருத்தம் வந்தது, மச்சான். உள்ளே எங்கோ மூலையில் இல்லை, முதற் பக்கத்தில். கைதானவர் வேறொருவர் என்றும், தம்பிராசாவின் மகள் த. மாலினிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றும், வருந்துகிறோம் என்றும். மற்றப் பிள்ளை விசாரணை முடிந்து மூன்றாம் நாளே வீட்டுக்குப் போன சங்கதியையும் போட்டார்கள். அதைப் போடும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவளும் ஒருவர் பெற்ற பிள்ளைதானே.

அச்செடுத்த திருத்தத்தை அதிபர் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறார். அறைச் சாவியோடு வீட்டுக்காரரே அம்பிட்டியவுக்கு வந்தார். திங்கட்கிழமை கம்பளை பஸ்ஸில் ஏறும்போது மாலினி சொன்னாள், "மாமா, அப்பான்ரை எழுத்து எனக்கு முன்னால நிக்குது." உன் தங்கை பஸ் நிலையத்திலேயே அழுதாள். நான் அழவில்லை என்று எழுதினால் நீ அதற்கும் கோடு போடுவாய்.

ஒன்று மறந்துவிட்டேன். அந்தத் திருத்தத்திலும் திகதி இல்லை. சிவப்புக் கோடு போட்டு, நானே பெரிய தபால் கந்தோருக்கு நடந்து போய்ப் பெட்டிக்குள் போட்டேன். விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றேன். இனி ஒவ்வொரு கிழமையும் ஒன்று போகும். லாச்சிப் பூட்டைக் கழற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டியவன், உன் மகளின் மாமன்,
கண்டி, கந்தையாவின் மகன் இராசரத்தினம்