ஈரத் துண்டோடு ஒரு சதி

1958 ஜூன், ஞாயிறு இரவு

அக்கா மேல் சந்தேகமாகவே இருக்கிறது. பெண் பார்க்க வரவே மாட்டேன் என்று பிரும்மாண்டமாகச் சபதம் போட்டவன் நான். அவளும் சரி என்று விட்டுவிட்டு, “பிள்ளைங்களை முக்கொம்புக்குக் கூட்டிட்டுப் போய்க் குளிச்சுட்டு வரலாம்டா” என்றாள்.

ஜீயபுரத்திலிருந்து காவிரிக்கரையோடு நடந்தோம். எந்தச் சக்கரவர்த்தியின் படையும் அப்படியொரு வெயிலைக் கண்டிருக்காது. அக்கா கட்டி வந்த புளிச்சோறும் ஒரு படைக்குக் காணும். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இடுப்பில் துண்டோடு தண்ணீரில் நின்று, இதே துறையில் நான் முதலையின் வாயைக் கிழித்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கரையில் ஒரு பெரியவர், அவர் மனைவி, மகள். யாரோ என்று நினைத்தேன்.

மகள் கேட்டாள்: “அந்த முதலைக்கு இப்ப உடம்பு தேவலையாங்க?”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. “தம்பிக்கு என்ன நட்சத்திரம்?” என்றார். குளிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

திரும்பும்போது அக்காவைப் பிடித்தேன். “யாருக்கா அவங்க?”

“எனக்கென்னடா தெரியும்? குளிக்க வந்தவங்க.”

“அந்தம்மாவுக்குக் காரம் ஆகாதுன்னு தனியா தயிர்சோறு கட்டியிருந்தியே?”

“பேசாம நட.”

ஊரில் மாப்பிள்ளையைப் பட்டுவேட்டியில் காட்டுவார்கள். என்னை ஈரத் துண்டில் காட்டியிருக்கிறாள்!

விடிந்ததும் அக்காவோடு மகாயுத்தம். அதற்கு முன்னால், அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.