புதுவாயல் பஸ் ஸ்டாப்பில் மூன்று நாள்

அன்பு மகள் மெர்சிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் அப்பாவுக்கு என்ன கடுதாசி என்று சிரிக்காதே. போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள், நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. கொல்லைப்பக்கத்து ஷீட்டை மாற்றிவிட்டேன், இனி மழைக்குப் பக்கெட் வைக்க வேண்டாம். நல்ல செய்தி இவ்வளவுதான்.

போன வருஷம் நீ லீவில் வந்தபோது ரயிலில் நடந்தது ஞாபகம் இருக்கும். தனியாக வந்த பெண்ணிடம் எந்த ஊரும்மா, வேலைக்குப் போகிறாயா, கல்யாணம் ஆயிற்றா என்று நான் வரிசையாகக் கேட்டதும் அது எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டது. தெரியாத பொண்ணுங்ககிட்ட நீங்களா போய்ப் பேசாதீங்கப்பா, அவங்களுக்கு பயமா இருக்கும் என்று நீ சொன்னாய். நீ சொன்னது நியாயம்தான், அன்றிலிருந்து நானும் என் ஓட்டை வாயைக் கட்டிவைத்திருக்கிறேன். உன்மேல் பழிபோட இதை எழுதவில்லை, நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

போன திங்கள் காலை, காட்டுப்பள்ளிக்குப் போகிற எங்கள் கம்பெனி பஸ்ஸுக்காக புதுவாயல் ஸ்டாப்பில் நின்றேன். பெஞ்சின் ஓரத்தில் ஒரு வடக்கத்திப் பெண், மஞ்சள் சேலை, தலையில் முக்காடு, மடியில் இரண்டு வயதுக் குழந்தை, காலடியில் அரிசிச் சாக்கில் கட்டிய மூட்டை. யாருக்கோ காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமையும் அதே இடத்தில் அதே சேலையில் உட்கார்ந்திருந்தாள். என்னோடு பஸ் ஏறுகிற லோகுவிடம், என்னவென்று கேட்கலாமா என்றேன். வேணாண்ணா, அந்தப் பொண்ணாண்ட பேசிக்கினு நின்னா பாக்குறவன் இன்னா நெனப்பான், அப்பறம் உனக்குத்தான் பேஜாரு என்றான். அவன் சொன்னதோடு இன்னொன்றும் இருந்தது மெர்சி. நம் ஊரில் யாரைக் கூப்பிடுவதானாலும் அக்கா, அண்ணா, நைனா என்று ஒரு உறவுமுறை வைத்துத்தானே வாயைத் திறக்கிறோம், அதைச் சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். இவளை என்ன சொல்லிக் கூப்பிட? அம்மாடி என்று நாக்கு வரை வந்தது, புரியாமல் பயந்து கத்திவிட்டால் என்ன செய்வது என்று விழுங்கிவிட்டேன். டீக்கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி பெஞ்சின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவள் தொடவே இல்லை. நாய்க்கு வைப்பதுபோல வைத்தால் எந்த மனுஷி எடுப்பாள்?

புதன்கிழமை அவளே என்னைப் பார்த்து எழுந்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இரண்டு எட்டு என் பக்கம் வந்தாள். நான் பையிலிருந்து போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். அதில் ஒன்றுமே இல்லை, காலையில் பார்த்த வேத வசனத்தையே திரும்பப் பார்த்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். வியாழக்கிழமை பெஞ்ச் காலியாக இருந்தது.

நேற்று சனிக்கிழமை அவள் புருஷன் வந்தான். ஒடிசாக்காரன், பெயர் பிஜய், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. போனில் கல்யாணப் போட்டோவை வைத்துக்கொண்டு ஸ்டாப்பில் ஒவ்வொருவரிடமும் நீட்டினான். காசு கேட்கிறான் என்று நினைத்து எல்லாரும் கையை ஆட்டி விரட்டினார்கள். நான் மட்டும் நின்று பார்த்தேன், அதே முகம். பெயர் ஜமுனாவாம். ரயிலில் அவள் போன் தொலைந்திருக்கிறது, சென்ட்ரலிலிருந்து பஸ் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்க வேண்டியவளை யாரோ இங்கே இறக்கிவிட்டிருக்கிறார்கள் போல. அவள் இங்கே உட்கார்ந்திருந்த மூன்று நாளும் அவன் சென்ட்ரலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் அலைந்திருக்கிறான். இங்கிருந்து கால் மணி நேர தூரம். அண்ணா, பாத்தது? எப்போ பாத்தது? என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். புதன்கிழமை ஒருநாள் பார்த்தேன் என்று சொன்னேன் மெர்சி. வாயில் அதுதான் வந்தது. அவனோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அங்கேயும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும், நீங்க ஒரு ஆள்தான் நின்னது அண்ணா என்று சொல்லி என் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

போலீஸ்காரர்கள் டீக்கடைக் கேமராவில் புதன்கிழமையை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் மூட்டையோடு தனியாக ரோட்டோரம் நடந்து போகிறாள், அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. திங்கள் செவ்வாய்ப் படத்தில் யாராவது அவளிடம் பேச்சுக் கொடுத்தார்களா, ஏதாவது வண்டி வந்து நின்றதா என்று தெரியலாம். பத்து நாள் படம்தான் அதில் நிற்குமாம், வருகிற வியாழக்கிழமையோடு திங்கள் அழிந்துவிடும். அவள் திங்களிலிருந்தே அங்கே இருந்தாள் என்பது போலீசுக்குத் தெரியாது, சொல்ல வேண்டியவன் நான்தான். இன்று சர்ச்சில் முழங்கால் போட்டேன், ஜெபம் வரவில்லை. மூன்று நாள் பார்த்துக்கொண்டு சும்மாவா இருந்தாய் என்றுதானே பிஜய் கேட்பான். ஆந்திரா பக்கம் சூலூர்பேட்டையில் ஒரு பெண்ணும் குழந்தையும் இருப்பதாக அவனிடம் சொன்னார்களாம், என்னையும் கூட வரச்சொல்லிக் கூப்பிட்டான். நாளைக்கு லீவு போட்டுவிட்டுப் போகிறேன். பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் போக வேண்டும், பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. உன்னிடம் யோசனை கேட்கலாமென்றால் இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் யாரிடமாவது மூன்று நாள் என்று உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டியிருந்தது.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் போக்கிலும் வரத்திலும் காக்கட்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட மறக்காதே. அம்மாவிடம் இதைப் பற்றி நீயாக எதுவும் கேட்காதே. பிஜயிடம் உண்மையைச் சொல்லிவிட்டேனானால் வீட்டுக்கு வந்து முதலில் அவளிடம்தான் சொல்வேன், அவளும் மறு போனிலேயே என்னைத் திட்டிக்கொண்டு உன்னிடம் சொல்லிவிடுவாள். இது வந்து சேர்கிற வரை அவள் உன்னிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அப்பா வாயைத் திறக்கவில்லை என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு
உன் அப்பா
ஆசீர்வாதம்