வெள்ளிக்கிழமைச் சத்தம்

செல்வி,

புளிக்குழம்பு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுக்கோ. நான் வடபழனி கோயிலுக்குப் போறேன்.

பத்து மணிக்கு மெக்கானிக் வருவார். ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடின அப்பாவோட கான்டெஸா கார், எஞ்சினைப் பிரிச்சு வேலை பார்க்காம, வேகம் கூட்ட நீ கேட்ட சூப்பர்சார்ஜரைப் போட்டா தாங்காதுன்னு அவர் சொன்னதும், "அப்பா வண்டியைக் கவனிக்கவே இல்ல"ன்னு நேத்து நீ சொன்னே. நான் கத்திட்டேன்.

தப்பு என்னோடது. அப்பா போனதுலேர்ந்து நாலு வருஷமா வெள்ளிக்கிழமை விளக்கேத்திட்டு, வண்டியை ஸ்டார்ட் மட்டும் பண்ணி உக்காந்திருப்பேன். அவர் வாசல்ல வந்து நிக்கற மாதிரி இருக்கும். ஆயில் மாத்தணும்னு எனக்குத் தோணலை.

வண்டிச் சாவி முருகன் படத்துக்குப் பின்னாடி.

அம்மா

சூப்பர்சார்ஜர் போட்டா சத்தம் மாறிடுமாமே. நான் வந்து பழைய சத்தத்தை ஒரு தடவை கேட்டுக்கறேன். அப்புறம் பிரிக்கட்டும்.