சபைக்குப் போகும் பறை

ரூபி,

உன் தம்பி ஸ்டீபன் குடும்பத்துக்கு இடியப்பம் வாங்கி மேசையில் மூடி வைத்திருக்கிறேன். பாடப்போகிற பிள்ளைகளுக்குக் காரச் சம்பல் வேண்டாம்; தேங்காய்ப்பாலும் சீனியும் போதும்.

ஸ்டீபனின் பறையை நான் எடுத்துக்கொண்டு முன்னதாகச் சபைக்குப் போகிறேன். ஆராதனைக்கு முன் தோல் விறைக்க அதை நெருப்பில் காய்ச்ச வேண்டும். மூப்பர் டேனியல் சபைச் சாவி கேட்டு வந்தால் தேநீர் கொடு. சாவியை நான் என் பையில் கொண்டுபோகிறேன். பாட்டுக்குக் கீபோர்டு மட்டும் போதும், பறை வேண்டாமென்று அவர் சொன்னது, வகுப்பில் நான் சொல்லும் தவளைக் கதைதான்: மழை பெய்யலாம், இடி மட்டும் கூடாது என்று தவளைகள் கூடித் தீர்மானம் போட்டனவாம். வானம் கேட்டதா?

அவரை விடு. "சாவு வீட்டுல அடிக்கிறதக் கொண்டாந்து எம் மானத்த வாங்காதீங்க லா" என்று நேற்று நீ சொன்னதுதான் உறுத்துகிறது. பகாவ் ரப்பர் தோட்டத்தில் உன் அப்பா அடித்த பறை அது. உன் தம்பி அதைச் சபை சபையாகக் கொண்டுபோய்ப் பாடுகிறான், நீ ஒளிக்கிறாய். இன்று எல்லார் காதிலும் விழட்டும்.

கேஸ் அடுப்பை மூடிவிட்டு வா.

சாலமோன்

பி.கு.: முதல் வரிசையில் என் பைபிளை வைத்து உனக்கு இடம் பிடித்திருப்பேன். நீ வராவிட்டால் அது காலியாகவே இருக்கும். டேனியலின் மனைவியே வந்தாலும் உட்கார விடமாட்டேன்.